எருசலேமும் நல்லூரும்

1854ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் ‘சைவ தூஷண பரிகாரம்’ என்னும் நூலை வெளியிட்டார். சைவரின் கோயில் வழிபாட்டைப் பாதிரிமார் பழித்தமைக்கு மறுமொழியாக எழுந்த நூல் அது. அதிலே எருசலேம் ஆலயம் வருகின்றது. யூதரின் ஆசாரியர்கள் தூபங் காட்டினர், விளக்கேற்றினர், திருவிழாக் கொண்டாடினர் என்று விவிலியமே கூறுகின்றது. அவர்க்குத் தகுவன சைவர்க்கு மட்டும் தகாதனவாதல் எங்ஙனம் என்பது நாவலரின் வாதம். நல்லூரிற் பிறந்த சைவர் ஒருவர் தம் கோயிலைக் காக்க யூதரின் கோயிலைச் சான்றுக்கு அழைத்தமை நேயர்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். இரு மக்களின் வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் அவ்விந்தை குறையும்.

கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தை எரித்து, மக்களிற் பலரைச் சிறைகொண்டு சென்றனர். அதற்கு முன்னர், யூதேயாவிற் பிறந்து, அந்நாட்டு அரசனுக்குக் குடியாய் வாழ்ந்து, அந்நாட்டு ஆலயத்தில் வழிபட்டவனுக்குத் தான் யாரென்று எடுத்துரைக்கும் தேவை பெரிதும் இருந்ததில்லை. நாடும் அரசும் கோயிலும் போன பின்னரே ஓய்வுநாளும், விருத்தசேதனமும், மறைநூலும் அவனுடைய அடையாளங்களாக ஓங்கின. கி.மு. 539இல் பாபிலோனைக் கைப்பற்றிய பாரசீக மன்னன் கோரேசு, யூதர் தம் நாடு திரும்ப இசைந்தான். அவர்களுடைய மறை அந்த அந்நிய மன்னனை ஆண்டவரால் அபிடேகம் பெற்றவன் என்றே போற்றுகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அத்தகைய இழப்பு 1619இல் நேர்ந்தது. போர்த்துக்கேயர் அரசைக் கைப்பற்றினர். இறுதி மன்னன் சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் தளபதி ஒலிவேறா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். அவர்கள் வாளினும் வலிய கருவி ஒன்றைக் கையாண்டனர். அது பதிவேடு. ஊர்தோறும் தேவாலயமும் பாடசாலையும் ஒன்றாக இயங்கின. பிள்ளையின் ஞானஸ்நானத்தையும் பெரியோரின் திருமணத்தையும் பாடசாலைத் தோம்பில் எழுதினர். பதிவில்லாதவனுக்கு உத்தியோகம் கிட்டாது; சொத்துரிமையும் இடருக்குள்ளாகும். மக்கள் பதிந்துகொண்டனர். பதிந்த கையோடு வீடு திரும்பி விரதமும் நோற்றனர். விரத நாளில் உணவருந்திய வாழையிலையை வெளியே எறிந்தால் அதுவே காட்டிக்கொடுக்குமென அஞ்சிக் கூரையிற் செருகி மறைத்தனர் என்பது குடாநாட்டில் வழிவழியாக வழங்கும் செய்தி.

அரசர் காலத்தில் வழிபாடு ஊரோடும் பருவத்தோடும் குலத்தோடும் இயைந்து நடந்தது. ‘நீ எச்சமயத்தவன்?’ என்னும் வினாவைத் தோம்பு எழுதுவோனே வீட்டு வாயில்தோறும் கொண்டுவந்தான். அதற்கு ஏட்டில் ஒரு விடையும் அடுக்களையில் மற்றொரு விடையும் இருந்தன. இவ்விரட்டை வாழ்க்கையைக் கோழைமை என இகழ்தல் எளிது. ஆயின் விரதமும் வழிபாட்டு நினைவும் தலைமுறை கடந்து வந்தது அவ்வடுக்களை வழியாகவே.

18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரின் கெடுபிடி தளர்ந்தது. நல்லூரிற் கந்தனுக்கு மீண்டும் கோயில் எழுந்தது. அங்கு இன்றும் கூறப்படும் கட்டியத்தில் ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு என்னும் மன்னனின் பெயர் ஒலிக்கின்றது. 15ஆம் நூற்றாண்டிற் கோட்டை அரசின் சார்பில் யாழ்ப்பாணத்தை வென்று ஆண்ட செண்பகப் பெருமாளே அவன் என்பர் வரலாற்றறிஞர் பலர். யூதரின் மறையிற் கோரேசு பெற்ற இடத்தை ஒத்தது இது. பகைவனாய் வந்த மன்னனாயினும் கோயிலுக்கு உதவியவனை வழிபாடு மறப்பதில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விச் செமினரி நிறுவினர். 1841இல் ‘உதயதாரகை’ இதழைத் தொடங்கினர். நாவலரோ வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர். எருசலேம் ஆலயத்தை அவர் அறிந்தது அப்பணியினாலேயே. 1847 டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அடுத்த ஆண்டிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதன்பின் அச்சியந்திரம் வந்தது. பாலபாடமும் சைவ வினாவிடையும் வந்தன. பிரசங்கம், பள்ளி, அச்சு, வினாவிடை ஆகிய நான்கும் மிஷனரிமாரிடமிருந்து கற்ற முறைகள். தோம்பு கேட்ட வினாவுக்குச் சைவர் அச்செழுத்தில் வெளிப்படையாக விடை கூறியது இவ்வாறே.

நூலைக்கொண்டு வகுத்த அடையாளத்துக்கு வேலியும் உண்டு. பாபிலோனிலிருந்து மீண்ட யூதர், எஸ்றாவின் காலத்தில், புறத்தாரை மணந்தோர் அம்மனைவியரை விலக்க வேண்டுமென விதித்தனர். அதே மோசேயின் நூலைப் போற்றிய சமாரியரோ கெரிசீம் மலையிலே தமக்கெனக் கோயில் கொண்டனர். யாழ்ப்பாணத்தில் நாவலர், ஆகமத்துக்கு மாறானதென்று ஊர்க்கோயில்களின் உயிர்ப்பலியைக் கண்டித்தார், அது நற்பணியே. ஆயின் அதே ஆகமத்தின் பெயரால், சாதியாற் புறந்தள்ளப்பட்டோர்க்குப் பெருங்கோயில்களின் கதவு நெடுங்காலம் அடைபட்டே இருந்தது. அந்நியர் ஆட்சியின் இடரை அவர்களும் சுமந்தவர்களே. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அவர்கள் அறப்போர் தொடுத்தனர். உள்ளே சென்று வழிபட விடுமாறு அவர்கள் கேட்டதும், வழிமறித்தோர் மறுத்ததும், சைவர் என்னும் ஒரே பெயராலேயே.