முயலகனும் மூளையும்: வலிப்பு நோயின் பெயரும் சட்டமும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு நோயின் வரலாற்றை மருத்துவ நூல்களில் மட்டும் தேடினால் போதாது. அந்நோய்க்கு மக்கள் இட்ட பெயர்களிலும், அதனை உடையோரைச் சமூகமும் சட்டமும் நடத்திய முறையிலும் அவ்வரலாறு பதிந்து கிடக்கிறது. வலிப்பு நோய் இதற்குத் தக்க சான்றாகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர். அவர்களுள் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் குறைந்த வருமான நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் உள்ளனர். முறையாகக் கண்டறிந்து மருத்துவம் செய்தால் 70 விழுக்காட்டினர் வரையில் வலிப்பின்றி வாழ இயலும் என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. அவ்வாறாயின், நோயுற்றோரும் அவர்தம் குடும்பத்தாரும் இன்றும் இதனை மறைத்து வாழ நேர்வது ஏன்?

இவ்வினாவிற்குப் பெரும்பாலும் ஒரே விடை தரப்படுகிறது. முன்னோர் அறியாமையால் இதனைப் பேயின் செயல் என எண்ணினர். நவீன அறிவியல் அவ்விருளைப் போக்கியது. எஞ்சியிருப்பது பழமையின் மிச்சமே என்பது அவ்விடை. இஃது ஓரளவே உண்மை என்பது நம் கருத்து. இந்நோயுடையோர் மீது படிந்துள்ள இழிவில் ஒரு பகுதி நவீன காலமே, அதுவும் சட்டத்தின் வாயிலாக, உருவாக்கியதாகும். தமிழ் மரபு, மலேசியச் சூழல், நவீனச் சட்டங்கள் ஆகிய மூன்றையும் முன்வைத்து இதனை ஈண்டு ஆராய்வோம்.

முயலகன்: பெயரும் கதையும்

தமிழில் 'முயலகன்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஆடல்வல்லானின் திருவடியின் கீழ்க் கிடக்கும் குறளுருவன் ஒரு பொருள். வலிப்பு நோய் மற்றொரு பொருள். வடமொழியிலும் இவ்விணைப்பைக் காண்கிறோம். அவ்வுருவத்திற்கு அங்கே 'அபஸ்மாரன்' என்று பெயர். 'அபஸ்மாரம்' என்பது ஆயுர்வேதத்தில் வலிப்பு நோயைச் சுட்டும் கலைச்சொல்; நினைவிழப்பு என்பது அதன் பொருள். சரக சம்ஹிதை இந்நோயை வாதம், பித்தம், கபம் ஆகியவற்றால் தனித்தனியே தோன்றுவன மூன்று, அம்மூன்றும் கூடித் தோன்றுவது ஒன்று என நான்காக வகுக்கிறது. எனவே, பேய் என்னும் எண்ணமும் உடற்கூறு என்னும் எண்ணமும் நம் மரபில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை அல்ல. இரண்டும் அருகருகே வாழ்ந்து வந்துள்ளன.

சைவ இலக்கியத்தில் இந்நோய் பற்றிய புகழ்பெற்ற வரலாறு திருப்பாச்சிலாச்சிராமத்தோடு தொடர்புடையது. திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள இத்தலம் இன்று திருவாசி என வழங்குகிறது. 7ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் இத்தலத்திற்கு எழுந்தருளியபோது, கொல்லி மழவன் என்னும் தலைவனின் மகள் முயலகன் நோயால் வருந்திக் கொண்டிருந்தாள் என்றும், சம்பந்தர் பதிகம் பாட அவள் நோய் நீங்கி எழுந்தாள் என்றும் கூறுவர். இவ்வரலாற்றை விரிவாக நமக்குத் தருபவர் 12ஆம் நூற்றாண்டினரான சேக்கிழார்.

அற்புத நிகழ்ச்சி என்னும் நிலையில் இக்கதையை ஏற்பது நம்பிக்கையைப் பொறுத்தது. சமூக வரலாற்று மாணவருக்கு இதில் வேறொரு செய்தி உண்டு. தலைவன் தன் மகளை அரண்மனையின் உள்ளறையில் மறைத்து வைக்கவில்லை. மருத்துவம் பயன் தராத நிலையில், ஊரார் அனைவரும் வந்து போகும் கோயிலில் அவளைக் கிடத்துகிறான். அடியார் வினவும்போது நோயின் பெயரைச் சொல்கிறான். சேக்கிழாரின் கூற்றில் அப்பெண் இரக்கத்திற்கு உரியவளே அன்றிப் பழிக்கு உரியவள் அல்லள்; தந்தையின் குலப்பெருமை குன்றியதாகவும் அங்கே பேச்சில்லை. நோயைப் புறத்தே உள்ள ஒரு சக்தியின் செயலாகக் கொண்ட நம்பிக்கை, நோயுற்றவரைக் குற்றத்திலிருந்து விலக்கி வைத்தது எனலாம்.

இதனால் பழைய நம்பிக்கை தீங்கற்றது என்று கொள்ளலாகாது. பேயோட்டுதல் என்னும் பெயரில் நோயாளிகளை அடித்தும் கட்டியும் வைத்த வழக்கம் பல சமூகங்களில் இருந்தது. மருத்துவரை நாடுவதைக் காலந்தாழ்த்தும் வழக்கம் இன்றும் முற்றாக மறையவில்லை. பழமையை ஒரே நிறத்தில் தீட்டுவது வரலாறாகாது என்பதே நாம் வலியுறுத்துவது.

காக்கையும் முயலும் பன்றியும்

தமிழ்ப் பேச்சு வழக்கில் இந்நோய் 'காக்காய் வலிப்பு' எனப்படுகிறது. 'கால் கை வலிப்பு' என்பதே மருவி இவ்வாறாயிற்று என்பது பரவலாகத் தரப்படும் விளக்கம். கேட்பதற்கு இது பொருத்தமாகவே உள்ளது. எனினும், சித்த மருத்துவ மரபில் 'காக்கை வலிப்பு' என்பதோடு 'முயல் வலிப்பு' என்னும் பெயரும் வழங்குகிறது. 'கால் கை' என்னும் விளக்கம் காக்கைக்குப் பொருந்தினும் முயலுக்குப் பொருந்தாது. ஆகவே, நோயின் தோற்றத்தை விலங்கு, பறவை ஆகியவற்றின் அசைவோடு ஒப்பிட்டுப் பெயரிடும் வழக்கம் தமிழிலும் இருந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு.

அவ்வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று என்பதை நம் நாட்டுச் சூழல் நன்கு காட்டுகிறது. மலாய் மொழிப் பேச்சு வழக்கில் இந்நோய்க்கு 'கிலா பாபி' என்று பெயர். 'பன்றிப் பித்து' என்பது அதன் நேர்ப்பொருள். தாய்லாந்து, கம்போடியா, மியன்மார் ஆகிய நாடுகளின் மொழிகளிலும் பன்றியையும் பித்தையும் இணைக்கும் பெயர்கள் உள்ளன. சீனர் வழக்கில் ஆடு இடம்பெறுகிறது. இப்பெயர்களைக் குறித்து மலாயாப் பல்கலைக்கழக நரம்பியல் அறிஞர்களும் ஆராய்ந்து எழுதியுள்ளனர். பன்றியை விலக்கப்பட்ட விலங்காகக் கொள்ளும் முஸ்லிம் சமூகத்தில் 'கிலா பாபி' என்னும் பெயர் எத்தகைய சுமையை ஏற்றும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. அதன் மற்றொரு கூறான 'கிலா', நரம்பு நோயொன்றை மனநோயாக மாற்றிக் காட்டுகிறது. நோயின் பெயரைச் சொன்ன அளவிலேயே நோயாளியின் மதிப்புக் குறைந்து விடுகிறது.

இவற்றோடு ஒப்பிட, 'வலிப்பு' என்னும் தனித் தமிழ்ச் சொல் நடுநிலையானது. வலித்தல் என்பதற்கு இழுத்தல் என்று பொருள். உறுப்புகள் இழுபடுவதை அது சுட்டுகிறது. பழியோ பித்தோ அதில் இல்லை. ஆயினும் அச்சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. இந்நோயின் எல்லா வகையிலும் உடல் இழுபடுவதில்லை. சிறுவர்களிடம் காணப்படும் ஒரு வகையில், சில நொடிகள் பார்வை நிலைகுத்தி நிற்கும்; அழைத்தால் மறுமொழி வராது; பின்னர் ஒன்றும் நிகழாதது போலச் சிறுவர் தம் செயலைத் தொடர்வர். 'வலிப்பு' என்றால் விழுந்து துடிப்பது என்று மட்டும் அறிந்திருக்கும் ஆசிரியர், இதனைக் கவனக்குறைவு என்றோ பகற்கனவு என்றோ எண்ணிக் கண்டிக்க நேரும்.

மருத்துவம் கண்டதும் சட்டம் செய்ததும்

இந்நோயின் இருப்பிடம் மூளையே என்னும் கருத்து புதியதன்று. ஏறத்தாழ கி.மு. 400ஐச் சார்ந்த 'புனித நோய்' பற்றிய கிரேக்க நூல், இந்நோயில் பிற நோய்களைக் காட்டிலும் தெய்வத்தன்மை எதுவும் மிகுதியாக இல்லை என்றும், மூளையே அதன் காரணம் என்றும் வாதிடுகிறது. ஹிப்போகிராட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களுள் அதுவும் ஒன்று. 1873இல் இலண்டன் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன், மூளையின் சாம்பல்நிறப் பகுதியில் திடீரென நிகழும் மிகையான வெளிப்பாடே வலிப்பு என விளக்கினார். 1924இல் ஜெர்மானியர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து 1929இல் வெளியிட்டார். மருந்துகளும் வந்தன: 1857இல் புரோமைடு, 1912இல் பீனோபார்பிட்டால், 1938இல் பெனிட்டோயின்.

அறிவு இவ்வாறு வளர்ந்த அதே காலத்தில் சட்டம் சென்ற திசை வேறு. 1895இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் வலிப்பு நோயுடையோரின் திருமணத்தைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. 1933இல் ஜெர்மனியின் நாஜி அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தில் பரம்பரை வலிப்பும் ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டது. மேலான மனித இனத்தை உருவாக்குதல் என்னும் கொள்கை அக்காலத்தில் அறிவியலின் பெயராலேயே பேசப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

இங்கிலாந்தில் 1937ஆம் ஆண்டு மணவழக்குச் சட்டம், திருமணத்தின்போது ஒருவருக்கு மீண்டும் மீண்டும் பித்தோ வலிப்போ வரும் நிலை இருந்திருப்பின் அத்திருமணத்தைச் செல்லாததாக்க வழிசெய்தது. பித்தையும் வலிப்பையும் ஒரே தொடரில் கோத்தது இச்சட்டத்தின் குறிப்பிடத்தக்க கூறாகும். 1971இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்தில் வலிப்பு இடம்பெறவில்லை.

இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டம் 1955இல் இயற்றப்பட்டபோது அதில் வலிப்பு நோய் பற்றிய சொல்லே இல்லை. 1976இல் செய்யப்பட்ட திருத்தத்தில்தான், பித்து அல்லது வலிப்பு மீண்டும் மீண்டும் வருதல் திருமணத் தகுதிக்குத் தடை என்னும் விதி நுழைந்தது. ஆங்கிலச் சட்டத்தின் பழைய தொடரை அது பெரிதும் ஒத்துள்ளது. இங்கிலாந்து கைவிட்ட ஐந்தாம் ஆண்டில், பெனிட்டோயின் கண்டறியப்பட்டு 38 ஆண்டுகள் கடந்த பின்னர், இந்திய நாடாளுமன்றம் அதனைப் புதிதாகச் சேர்த்தது. 'அல்லது வலிப்பு' என்னும் அச்சொற்களை நீக்குவதற்கு 1999ஆம் ஆண்டின் திருத்தம் வேண்டியதாயிற்று.

இடைப்பட்ட 23 ஆண்டுகளில், நோயைச் சொன்னால் மணம் அமையாது. மறைத்தால் மணம் முறியக்கூடும் என்னும் நிலைக்கு, குறிப்பாகப் பெண் வீட்டார், தள்ளப்பட்டனர். மறைப்பதற்காக மாத்திரையை நிறுத்திய பெண்ணுக்கு வலிப்பு மீண்டும் வரும் வாய்ப்பு மிகுந்தது. கொல்லி மழவன் கோயிலில் வெளிப்படையாகச் சொன்ன நோயை 20ஆம் நூற்றாண்டுத் தந்தை சொல்ல அஞ்சினார் என்றால், அவ்வச்சத்திற்கு முயலகன் மட்டும் காரணம் அல்லன், சட்டப்பிரிவும் காரணம்.

பெயர் மாற்றமும் அதன் எல்லையும்

சட்டத்தைத் திருத்துவது போலப் பெயரையும் திருத்தலாம் என்பதற்கு ஆசியாவிலேயே சான்றுகள் உள்ளன. ஹாங்காங்கில் 2010இல் இந்நோய்க்குரிய சீனப் பெயரிலிருந்து பித்தைக் குறிக்கும் எழுத்து விலக்கப்பட்டு, மூளையைக் குறிக்கும் எழுத்து சேர்க்கப்பட்டது. தென்கொரியாவும் 2010களின் தொடக்கத்தில் பழைய பெயரை நீக்கி, 'மூளை மின்நோய்' என்னும் பொருளுடைய பெயரை ஏற்றது. உலக அளவில், 'நிழலிலிருந்து வெளியே' என்னும் பொருள்படும் பரப்புரை 1997இல் தொடங்கப்பட்டது. 2022இல் உலகச் சுகாதாரப் பேரவை 2031 வரைக்குமான செயல்திட்டத்தை ஏற்றுக்கொண்டது.

தமிழில் புதுச்சொல் படைக்க வேண்டிய தேவை இல்லை என்றே நாம் கருதுகிறோம். 'வலிப்பு நோய்' என்னும் வழக்கே போதும். 'காக்காய்' என்னும் அடையைப் பாடநூலிலும் வகுப்பறையிலும் தவிர்க்கலாம். 'வலிப்புக்காரன்' என்று ஆளையே நோயாக்கும் வழக்கை விடுத்து, 'வலிப்பு நோய் உடையவர்' என்று கூறலாம். ஆனால், பெயரை மட்டும் மாற்றி நடத்தையை மாற்றாவிடின், பழைய இழிவு புதிய பெயரின் மீதும் ஏறி அமரும்.

நடத்தை என்று வரும்போது இரும்பு பற்றிய நம்பிக்கையைக் குறிப்பிட்டாக வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தையோ இரும்புத் துண்டையோ திணிப்பது தமிழரிடையே நெடுநாளைய வழக்கம். இவ்வழக்கம் நிலைத்து நிற்பதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான வலிப்புகள் ஒன்று முதல் மூன்று மணித்துளிகளில் தாமாகவே அடங்கி விடுகின்றன. சாவியைத் தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் அந்நேரம் கழிந்து விடுவதால், இரும்பே நிறுத்தியது என்று கண்டோர் நம்புகின்றனர். கண்ணால் கண்டதிலிருந்து பிறந்த தவறான முடிவு இது. ஏளனத்தால் இதனைப் போக்க இயலாது, விளக்கத்தால் இயலும்.

ஆசிரியர் அறிந்திருக்க வேண்டியவை சிலவே. கூர்மையான பொருள்களையும் நாற்காலி மேசைகளையும் விலக்க வேண்டும். தலையின் கீழ் மென்மையான ஒன்றை வைத்து, இயன்றவுடன் மாணவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் கரண்டியோ விரலோ நீரோ எதனையும் இடலாகாது. கைகால்களை அழுத்திப் பிடிக்கலாகாது. நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தல் இன்றியமையாதது. ஐந்து மணித்துளிகளுக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்புவதற்குள் மீண்டும் வந்தாலும், காயம் பட்டாலும், முதல் முறையாக வந்தாலும் உடனே மருத்துவ ஊர்தியை அழைக்க வேண்டும். நினைவு திரும்பும் வரை ஒருவர் உடனிருத்தல் வேண்டும். விழித்தெழும் மாணவர் முதலில் காண்பது கூடி நிற்கும் கூட்டமாக இருத்தலாகாது. மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது என்பதைப் பெற்றோருக்கு எடுத்துரைப்பதும் ஆசிரியரால் இயலும் பணியே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. வலிப்பு நோயுடையோர் அடைந்த இழிவு முழுவதும் பழமையின் கொடை அன்று. அதில் ஒரு பகுதி 19, 20ஆம் நூற்றாண்டுகளில் சட்டமன்றங்களில் எழுதப்பட்டது. எழுதப்பட்டது என்பதனாலேயே அதனை நீக்கவும் முடிந்தது. பேச்சு வழக்கில் வாழும் இழிவை நீக்கச் சட்டத்திருத்தம் போதாது; அதற்கான களம் வகுப்பறையாகும்.

நம் கோயில்களில் ஆடல்வல்லானின் திருவடியின் கீழ் முயலகன் மாய்க்கப்பட்டவனாகக் காட்டப்படுவதில்லை. அடக்கி வைக்கப்பட்டவனாகவே காட்டப்படுகிறான். வலிப்பு நோயும் பலருக்கு முற்றாக நீங்குவதில்லை, மருந்தால் அடங்கியிருக்கிறது. அவ்வாறு அடங்கிய நோயுடன் கல்வி கற்று, தொழில் புரிந்து, இல்லறம் நடத்துவோர் பலர். அவர்கள் வேண்டுவது அற்புதம் அன்று. மாத்திரையை மறைவின்றி உட்கொள்ளவும், நோயின் பெயரை அச்சமின்றிச் சொல்லவும் இடம்தரும் சமூகமே அவர்களுக்குத் தேவை. அத்தகைய இடத்தை முதலில் வகுப்பறையில் ஏற்படுத்துவது தமிழாசிரியர்களாகிய நம் கடமை.