கணினிச் சிப்பில் குறைபாடு: இன்டெல் வாடிக்கையாளர்களின் எதிர்ப்பும் இந்தியச் சட்டம் தரும் பாதுகாப்பும்

பெங்களூரு: கணினி அடிக்கடி முடங்கினால் முதலில் மென்பொருள் மீதுதான் சந்தேகம் எழுகிறது. குறை சிப்பிலேயே இருக்கலாம் என்ற எண்ணம் கடைசியில்தான் வருகிறது. குறை சிப்பில்தான் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதே வாடிக்கையாளர்களுக்கும் நிறுவனங்களுக்கும் இடையிலான மோதலின் மையம்.

இன்டெல் நிறுவனம் 1994, 2011, 2024 ஆகிய ஆண்டுகளில் இத்தகைய மூன்று பெரிய சிக்கல்களைச் சந்தித்தது. அமெரிக்காவுக்கு வெளியே அதன் மிகப் பெரிய வடிவமைப்பு மையம் பெங்களூருவில் உள்ளது. இதே நகரில், எஸ்.பி. ரோடு எனப்படும் சாதர் பத்ரப்பா சாலைக் கடைகளில் உதிரிபாகங்களை வாங்கிக் கணினியை அமைத்துக்கொள்வோரும் ஏராளம். அவர்களுக்கு இந்த மூன்று நிகழ்வுகளும் பயனுள்ள பாடங்களாகும்.

1994: வகுத்தலில் பிழை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, பென்டியம் பிராசசர் சில வகுத்தல் கணக்குகளுக்குத் தவறான விடை தருவதைக் கண்டறிந்தார். உதாரணமாக, 4195835 என்ற எண்ணை 3145727 ஆல் வகுத்தால் 1.33382 என்று வர வேண்டும். பென்டியமோ 1.33373 என்று காட்டியது. சிப்பினுள் இருந்த வகுத்தல் அட்டவணையில் 5 பதிவுகள் விடுபட்டிருந்ததே இதற்குக் காரணம்.

சராசரிப் பயனாளர் ஒருவருக்கு 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே இப்பிழை நேரும் என்று இன்டெல் விளக்கம் அளித்தது. துல்லியமான கணக்கீடு தேவை என்பதை நிரூபிப்பவர்களுக்கு மட்டுமே சிப் மாற்றித் தரப்படும் என்றும் கூறியது. பிழையைவிட இந்த நிபந்தனையே வாடிக்கையாளர்களின் கோபத்தை அதிகம் தூண்டியது. டிசம்பர் 12-ம் தேதி ஐபிஎம் நிறுவனம் பென்டியம் கணினிகளின் விநியோகத்தை நிறுத்தியது. டிசம்பர் 20-ம் தேதி இன்டெல் மன்னிப்புக் கோரி, கேட்கும் அனைவருக்கும் நிபந்தனையின்றி மாற்றித் தருவதாக அறிவித்தது. இதற்காக 47.5 கோடி டாலரை ஒதுக்கியது. ஆயினும் சிப்பை மாற்றிக்கொண்ட தனிநபர்கள் சிலரே. பெரும்பாலோர் கேட்டது புதிய சிப்பை அல்ல, அதைப் பெறும் உரிமையை என்பது இதிலிருந்து தெரியவந்தது.

2011: தானாக முன்வந்த நிறுவனம்

2011 ஜனவரி 31-ம் தேதி, தனது 6-ம் வரிசை சிப்செட்டில் குறை இருப்பதை இன்டெல் தானே அறிவித்து விநியோகத்தை நிறுத்தியது. ஹார்டு டிஸ்க், டிவிடி டிரைவ் ஆகியவற்றை இணைக்கும் சாட்டா போர்ட்டுகளில் 4 போர்ட்டுகளின் செயல்திறன் காலப்போக்கில் குறையக்கூடும் என்பதே அந்தக் குறை. பழுது நீக்கவும் மாற்றித் தரவும் 70 கோடி டாலர் செலவாகும் என்று நிறுவனம் மதிப்பிட்டது.

சிப்செட் மதர்போர்டிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், முழு மதர்போர்டையும் கழற்றி மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் குறையை நிரூபிக்கும் சுமை வாடிக்கையாளர் மீது விழவில்லை. அதனால் 1994-ல் எழுந்த அளவுக்கு எதிர்ப்பு எழவில்லை.

2024: திரும்பப் பெறாமல் வாரண்டி நீட்டிப்பு

13 மற்றும் 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் விளையாட்டுகளும் செயலிகளும் திடீரென முடங்குவதாகப் புகார்கள் குவிந்தன. திரையில் கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற செய்தி தோன்றியதால், பலர் கிராபிக்ஸ் கார்டையே சந்தேகித்தனர். தேவைக்கு அதிகமான மின்னழுத்தம் செல்வதே காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல் தெரிவித்தது. ஆகஸ்ட் மாதம் திருத்தப்பட்ட மைக்ரோகோடு வெளியானது. இது பாதிப்பைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே சேதமடைந்த சிப்பைச் சரிசெய்யாது.

சிப்புகளைத் திரும்பப் பெறுவதற்குப் பதிலாக, 3 ஆண்டு வாரண்டியை 5 ஆண்டுகளாக இன்டெல் உயர்த்தியது. அதன்படி 2022 அக்டோபரில் வாங்கியவருக்கு 2027 அக்டோபர் வரை வாரண்டி உண்டு. ஆனால் கணினி முடங்கிய பின்னர் வாடிக்கையாளரே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் அதிருப்தி நீடித்தது.

இந்தியச் சட்டம் சொல்வது என்ன?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் 20-வது பிரிவின்படி, ஆபத்தான அல்லது பாதுகாப்பற்ற பொருட்களைத் திரும்பப் பெற உத்தரவிட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தீப்பிடிக்கும் பேட்டரி இந்த வரையறைக்குள் வரும். முடங்கும் பிராசசரை இதற்குள் கொண்டுவருவது கடினம். அதற்கு, பொருளில் குறைபாடு என்ற அடிப்படையில் தனிப்பட்ட முறையில் புகார் அளிப்பதே வழி.

பொருளுக்குச் செலுத்திய தொகை ரூ.50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். வணிக நோக்கில் வாங்கியவர்கள் நுகர்வோராகக் கருதப்படுவதில்லை. எனினும், சுயதொழில் மூலம் வாழ்வாதாரம் ஈட்டுவதற்காகவே வாங்கிப் பயன்படுத்துவோருக்கு விலக்கு உண்டு.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

* பிராசசர் நிறுவனத்தின் பெட்டியில் வந்ததா, பெட்டியின்றி டிரேயில் வந்ததா என்பதைப் பார்க்க வேண்டும். பெட்டியில் வந்ததற்கு இன்டெல்லை நேரடியாக அணுகலாம். டிரேயில் வந்ததற்கு விற்ற கடையையும், முழுமையாக அமைக்கப்பட்ட கணினிக்கு அதன் தயாரிப்பாளரையும் அணுக வேண்டும்.
* வரிசை எண் குறிப்பிடப்பட்ட ஜிஎஸ்டி ரசீதைக் கேட்டுப் பெற வேண்டும். விலை குறைகிறது என்பதற்காக ரசீதைத் தவிர்த்தால், வாங்கியதற்கான ஆதாரமே இல்லாமல் போய்விடும்.
* கணினி முடங்கும்போது திரையில் தோன்றும் செய்தியைத் தேதியுடன் படம் எடுத்து வைக்க வேண்டும்.
* மதர்போர்டு நிறுவனம் வெளியிடும் சமீபத்திய பயாஸை நிறுவ வேண்டும்.
* கடையும் நிறுவனமும் ஒருவரையொருவர் கைகாட்டினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் அளிக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாக வழக்குத் தொடரலாம்.