நா வழித்தலும் பல் துலக்கலும்

பல் துலக்கும் வழக்கத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் சுசுருத சங்கிதையிலிருந்து தொடங்குவர். தமிழில் எழுதுவோராயின் பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவையையும் சேர்த்துக்கொள்வர். முன்னது, பற்குச்சி பன்னிரண்டு விரல் நீளமும் சுண்டுவிரல் பருமனும் உடையதாக இருக்கவேண்டும் என்கிறது. கசப்பில் வேம்பு, துவர்ப்பில் கருங்காலி என மரமும் தேர்ந்து தருகிறது. பின்னதை இயற்றிய பெருவாயின் முள்ளியார், காலையில் குச்சியால் பல் துலக்கிக் கண் கழுவித் தெய்வம் தொழுவதை நன்மக்கள் ஒழுக்கமாக வைக்கிறார். இவ்விரண்டிடத்தும் பேசப்படுபவர் வளர்ந்தவர். தம் குச்சியைத் தாமே ஒடித்துத் தம் பல்லைத் தாமே துலக்கிக்கொள்ளக் கூடியவர். ஒன்றரை வயதுக் குழந்தையின் வாயை யார் துலக்கினார்கள்? ஒழுக்க நூல்கள் இவ்வினாவை எழுப்புவதே இல்லை.

விடை தேடுவோர் பெரியாழ்வாரிடம் செல்லவேண்டும் என்பது நம் கருத்து. திருவில்லிபுத்தூரைச் சேர்ந்த அப்பெரியார் ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டினர் என்பர். அவரது திருமொழியின் முதற்பத்து, கண்ணன் பிறந்த ஆரவாரத்தைப் பாடுவது. அதன் ஆறாம் பாசுரத்தில் அசோதை குழந்தையின் கைகால்களை நிமிர்த்துக் கடாரத்து நீரில் மெல்ல நீராட்டுகிறாள். பிறகு நா வழிக்கிறாள். நா வழிக்கக் குழந்தை வாயைத் திறக்கிறது. திறந்த வாய்க்குள் ஏழு உலகங்களும் தெரிகின்றன. (இப்பாசுரத்தில் வரும் பசுமஞ்சள் உடம்பில் பூசவா, நா வழிக்கவா என இருவகையாகவும் பொருள்கொள்ள இடமுண்டு.)

இக்காட்சியைப் பாகவதத்தோடு ஒப்பிட்டால்தான் இதன் அருமை விளங்கும். அங்கே தாய் உலகங்களைக் காணும் தருணங்கள் இரண்டு. பாலுண்ட குழந்தை கொட்டாவி விடும்போது ஒன்று. மண்ணுண்டான் என்று பிள்ளைகள் கோள் சொல்ல, வாயைத் திற என்று தாய் அதட்டும்போது மற்றொன்று. நா வழிக்கும்போது கண்டாள் என்பது ஆழ்வாரின் கூற்று. பிறந்த குழந்தை தன் வாயை அடுத்தவருக்காகத் திறக்கும் அன்றாடத் தருணம் எது என்று எண்ணிப் பார்த்து, வீட்டுக்குள் நடந்த ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார் போலும். பன்னிரண்டாம் நாள் விழா எட்டாம் பாசுரத்தில்தான் வருகிறது. ஆகவே நா வழிக்கப்பெற்ற இக்குழந்தை பிறந்து சில நாட்களே ஆன, பல் முளைக்காத குழந்தை எனக் கொள்ளலாம்.

பல் முளைத்தபின் என்ன ஆயிற்று? தளர்நடைப் பதிகத்தில், செவ்வானத்தில் ஒரு கிளை நுனிக்கு மேலே தோன்றும் சிறுபிறையோடு, சிவந்த வாயில் அரும்பும் வெண்பல்லை ஒப்பிட்டு மகிழ்கிறார் ஆழ்வார். பின்னர்க் காது குத்துகிறார்கள், எண்ணெய் தேய்த்து நீராட்டுகிறார்கள், காக்கையை அழைத்துக் குழல் வாருகிறார்கள், பூச்சூட்டுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிகம் உண்டு. பல் துலக்குவதற்குத் தனிப் பதிகம் இல்லை! பிற்காலப் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களிலும் இதற்கெனப் பருவம் இல்லை. முத்தப் பருவத்தில் குழந்தையின் வாய் போற்றப்படுகிறது, துலக்கப்படவில்லை.

இது தற்செயலன்று எனத் தோன்றுகிறது. பல்லுக்கு 'இருபிறப்பு' என்றொரு பெயர் தமிழில் உண்டு. பறவைக்கும் அந்தணர்க்கும் அதே பெயர். இருமுறை பிறப்பதாலேயே முதற் பிறப்பு பொருட்படுத்தப்படாமல் போயிற்று எனலாம். "விழுந்து முளைக்கப்போகிற பல்தானே" என்னும் பேச்சை இன்றும் நம் வீடுகளில் கேட்கிறோம். பல்லில்லாத வாய்க்கு நா வழித்தல் உண்டு. வசம்பு, மாசிக்காய், கடுக்காய், சாதிக்காய் ஆகியவற்றைக் கல்லில் இழைத்து நாவில் தடவும் உரைமருந்தும் உண்டு. (வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர்!) பிறகு ஐந்தாறு வயதில், பெரியவர்களைப் பார்த்து உமிக்கரியோ சாம்பலோ தொட்டுத் தானே தேய்த்துக்கொள்ளும் பருவம் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் இருபது பாற்பற்களும் கேட்பாரற்று இருந்தன என்பதே நம் கணிப்பு.

கூழும் சோறும் உண்டு தாய்ப்பாலில் வளர்ந்த குழந்தைக்கு அவ்விடைவெளி பெருங்கேடு செய்திருக்காது. நிலைமையை மாற்றியது சர்க்கரை. நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை 1842இல் எழுந்தது. காலப்போக்கில் வெள்ளைச் சர்க்கரை எளிய வீடுகளுக்கும் வந்தது. பாற்புட்டியும் ரொட்டியும் பிஸ்கட்டும் வந்தன. இனிப்புப் பால் நிறைந்த புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தைகளின் பற்சிதைவை 1962இல் எலியாஸ் ஃபாஸ் என்னும் அமெரிக்கப் பல்மருத்துவர் தனி நோயாக விவரித்து எழுதினார். மேல்வரிசை முன்பற்களே முதலில் கரையும். கீழ்வரிசையை நாவும் உமிழ்நீரும் ஓரளவு காத்துவிடுகின்றன. கரைந்த பல்லின் வலியை ஒரு வயதுக் குழந்தையால் சொல்லத் தெரியாது. உணவை மறுக்கும், இரவில் அழும். பாற்பல் காலத்துக்கு முன்பே போய்விட்டால் பின்வரும் பல்லுக்கான இடமும் குறுகிப்போகிறது.

பல் துலக்கும் கருவியின் கதை தனியே நடந்துகொண்டிருந்தது. வில்லியம் ஆடிஸ் என்னும் ஆங்கிலேயர் 1780 அளவில் எலும்புப் பிடியில் விலங்கின் மயிரைச் செருகித் தூரிகை செய்து விற்றார். நைலான் இழைத் தூரிகை 1938இல் வந்தது. நம் பக்கத்தில் அதற்கு முன்பே பற்பொடி பரவியிருந்தது. நஞ்சன்கூட்டுப் பற்பொடியைச் செய்த சத்வைத்தியசாலை 1913இல் தோன்றியது. ஆயினும் பொடியைத் தொட்ட தாயின் ஆட்காட்டி விரலே பல தலைமுறைகளுக்குக் குழந்தையின் முதல் தூரிகை.

ஃபுளோரைடு கலந்த பற்பசை வந்தபோது வேறொரு தயக்கம் எழுந்தது. குழந்தைக்குத் துப்பத் தெரியாதே! இத்தயக்கம் நம் நிலத்துக்கு அந்நியமானதன்று. குடிநீரில் மிகுந்த ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடுவதை, சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியை ஆராய்ந்து 1937இலேயே மருத்துவர்கள் பதிவுசெய்தனர். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் இதே துயருக்காக உருவான ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அளவே இங்கு முக்கியம். அமெரிக்கப் பல்மருத்துவச் சங்கம் 2014இல், முதற்பல் முளைத்தது முதலே ஃபுளோரைடு பற்பசை கொண்டு துலக்கலாம், மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவே போதும் என்று அறிவுறுத்தியது. விளம்பரங்களில் தூரிகை முழுதும் நெளியும் பசை எத்தனை அரிசி என்று கணக்கிட்டால் வேடிக்கையாக இருக்கும். ஏழெட்டு வயதுவரை பிள்ளையின் கை தானே சரியாகத் துலக்காது, பெற்றோர் கை வேண்டும் என்றும் பல்மருத்துவர்கள் கூறுகின்றனர்.

பல் முளைக்குமுன் ஈரத்துணியால் ஈறுகளைத் துடைக்கச் சொல்வதும் இன்றைய மருத்துவ அறிவுரைகளில் உண்டு. நா வழித்தலுக்கு அது எவ்வளவு அருகில் வந்துவிட்டது!

மொழியிலும் ஒரு தடம் இருக்கிறது. 'துலக்கு', 'விளக்கு', 'தேய்' ஆகியவை பெரும்பாலும் ஒருவர் தம் பல்லுக்குத் தாமே செய்துகொள்வதைக் குறிக்கின்றன. பிறர்க்குச் செய்யும்போது 'தேய்த்துவிடு' என்று துணைவினை சேர்க்கிறோம். 'நா வழி' என்பதற்கு ஆழ்வார் பாட்டில் அத்துணை தேவைப்படவில்லை. உங்கள் ஊரில் குழந்தைக்கு வாய் துடைப்பதற்கெனத் தனிச்சொல் வழங்குமாயின், மூத்தவர்களைக் கேட்டு எழுதுங்கள். அகராதிகளில் தேடிச் சேர்க்க விழைகிறோம்.