பாலத்தின் அடியில் விரித்த வலை

நம் ஆலயக் கோபுரத்தைச் சுற்றிச் சவுக்குக் கம்பால் சாரம் கட்டி, உச்சிச் சிலுவைக்கு அருகே நின்று கொத்தனார்கள் பூச்சுவேலை செய்ததைக் கீழிருந்து நெஞ்சு படபடக்கப் பார்த்தவர்கள் நாம். அவர்கள் இறங்கி வந்து தேநீர் கேட்ட பிறகே நமக்கு மூச்சு வந்தது. அந்த நினைவோடு, உயரத்தில் உழைப்போரைக் காக்கப் பெரும்பொருள் செலவிட்ட ஒரு கட்டுமானத்தின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைகிறோம்.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரின் கோல்டன் கேட் பாலத்தின் வேலை 1933 ஜனவரி 5ஆம் நாள் தொடங்கியது. நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் நிலவிய காலம் அது. பாலம் கட்டுவோரிடையே அன்று ஒரு கணக்கு வழங்கியது: 10 லட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர். இப்பாலத்தின் மதிப்போ 3½ கோடி டாலர்! அப்படியானால் 35 பேர். சிமெண்டு மூட்டைக்குப் போடுவதுபோல் மனித உயிருக்கும் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் இதற்கு உடன்படவில்லை. எல்லோரும் தலைக்கவசம் அணிய வேண்டும். கண் கூசாதிருக்கக் கண்ணாடி. தலைச்சுற்றல் வராதிருக்கத் தனி உணவு. முந்திய இரவு குடித்துவிட்டு வந்தவர்களுக்குப் புளித்த முட்டைக்கோஸ் சாறு கொடுத்தார்களாம்! (அதைவிடக் குடிக்காமலே இருந்திருக்கலாம்.) மேலே வித்தை காட்டுபவருக்கு வேலை போய்விடும்.

எல்லாவற்றிலும் பெரிது அந்த வலை. கனத்த மணிலாக் கயிற்றால் பின்னி, பாலத்தின் அடியில் கரைக்குக் கரை விரித்தார்கள். பக்கவாட்டில் 10 அடி வெளியே நீண்டிருந்தது. செலவு 1,30,000 டாலருக்கு மேல். தவறி விழுந்த 19 பேரை அது தாங்கிப் பிடித்தது. பிழைத்தவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'நரகத்துக்குப் பாதிவழிச் சங்கம்'. மோட்சத்துக்குப் பாதிவழி என்று சொல்லத் தோன்றவில்லை போலும்!

1936 அக்டோபர் வரை ஓர் உயிர்கூடப் போகவில்லை. அம்மாதம் 21ஆம் நாள் பாரந்தூக்கி சாய்ந்து ஒருவர் மாண்டார். பாலம் முடியும் தறுவாயில், 1937 பிப்ரவரி 17 அன்று, தளத்தின் அடியில் பலகை பிரித்துக்கொண்டிருந்தவர்களின் தொங்குமேடை பிடிப்பு விட்டு வலைமேல் விழுந்தது. ஆள் விழுந்தால் தாங்கும் வலை, டன் கணக்கான மேடையைத் தாங்கவில்லை. கிழிந்து, 12 பேரோடு கடலுக்குள் போயிற்று. தப்பியவர் இருவரே.

மே 27ஆம் நாள் பாலம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 35 என்று கணக்கிட்ட இடத்தில் இறந்தவர் 11 பேர். அவர்களில் 10 பேர் அந்த ஒரே காலையில் போனவர்கள்.