67 ஆசியா: நுங்கம்பாக்கத்தில் கண்டுபிடித்த கல்

1861 ஏப்ரல் 17 அன்று, நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் நார்மன் ராபர்ட் போக்சன் ஒரு புதுச் சிறுகோளைக் கண்டுபிடித்தார். அந்த வருஷம்தான் அரசு வானியலாளராக இங்கே வந்து சேர்ந்திருந்தார். அதுவரை தெரிந்த 66 சிறுகோள்களும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ கண்டுபிடிக்கப்பட்டவை. ஆசியக் கண்டத்திலிருந்து கிடைத்த முதல் சிறுகோள் என்பதால் இதற்கு 'ஆசியா' என்றே பெயர். கிரேக்கப் புராணத்தில் அந்தப் பெயரில் ஒரு கடல் தேவதையும் உண்டு. புராணப் பெண் பெயர் வைக்கும் வழக்கமும் கெடவில்லை, கண்டுபிடித்த இடமும் பெயரில் ஏறிவிட்டது. கெட்டிக்காரத்தனமான பெயர்தான்.

அப்போது வானத்தைப் படமெடுத்துச் சிறுகோள் தேடும் வழி கிடையாது. தொலைநோக்கியில் கண்ணை வைத்து, தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். படத்தில் இல்லாத ஒரு புள்ளி அடுத்தடுத்த இரவுகளில் நகர்ந்திருந்தால் அது சிறுகோள். புகைப்படம் வழியாக முதல் சிறுகோளை மாக்ஸ் வூல்ஃப் பிடித்தது 1891 டிசம்பரில். போக்சன் அதே வருஷம் ஜூனில் மெட்ராஸில் இறந்துபோயிருந்தார்.

இன்னொருத்தரையும் இங்கே சொல்லணும். போக்சன் வருவதற்குப் பல வருஷம் முன்பிருந்தே அந்த ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி நட்சத்திரத்தை 1867-ல் அவர் கண்டுபிடித்தார். நுங்கம்பாக்கம் ஆய்வகத்தைப் போக்சன் ஒருத்தர் கதையாக மட்டும் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, கல்லுக்கு வருவோம். ஆசியா செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிறது. பாதை கொஞ்சம் நீள்வட்டம்: சூரியனிடமிருந்து பூமி இருக்கும் தூரத்தைப்போல் சுமார் 2 மடங்கு வரை நெருங்கும், 2.9 மடங்கு வரை விலகும். ஒரு சுற்றுக்கு 3.77 வருஷம். கண்டுபிடித்த நாளிலிருந்து 43 சுற்றுக்கு மேல் முடித்துவிட்டது. தன்னைத்தானே சுற்ற சுமார் 16 மணி நேரம்.

சுற்றுப்பாதையைக் கணக்குப் போட, சில இரவுகள் இடத்தைக் குறித்தாலே போதும். ஆனால் இது எவ்வளவு பெரிசு, எதனால் ஆனது என்று கேட்டால் 1861-ல் பதில் கிடையாது. கையில் இருந்தது வெளிச்சம் மட்டும்தான். வேடிக்கை என்னன்னா, அந்த வெளிச்சத்தை அளக்கும் கணக்கே போக்சனுடையது! ஒளியளவில் 5 படி வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் 100 மடங்கு, அதாவது ஒரு படிக்கு 2.512 மடங்கு என்று 1856-ல் முன்வைத்தவர் அவர். நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கு 6 வரை தெரியும். நமக்கு வசதியாக வரும் காலத்திலும் ஆசியா பெரும்பாலும் 11-ஐ ஒட்டித்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் கடைசி நட்சத்திரத்தைவிட 100 மடங்கு மங்கல்.

வெளிச்சம் மட்டும் ஏன் போதாது? சின்ன வெளிர்நிறக் கல்லும் பெரிய கரிக்கட்டையும் தூரத்திலிருந்து ஒரே புள்ளியாகத்தான் தெரியும். கரிக்கட்டை வெயிலில் அதிகம் சூடாகும், அதனால் அந்த வெப்பத்தையும் அளந்தால் குட்டு உடைந்துவிடும். 1983-ல் ஐராஸ் செயற்கைக்கோள் அகச்சிவப்பில் அதைத்தான் செய்தது. ஆசியாவின் குறுக்களவு சுமார் 58 கி.மீ. என்று வந்தது. எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு வரை ரயிலில் போகும் தூரம், கிட்டத்தட்ட. விழும் ஒளியில் கால் பங்கைத் திருப்பி அனுப்புகிறது. கரிமச் சிறுகோள்கள் திருப்பி அனுப்புவது 100-க்கு 5 போலத்தான்.

நிறமாலையும் சேர்ந்து பேசியது. ஒலிவைன், பைராக்சீன் போன்ற சிலிக்கேட் கனிமங்களின் அடையாளம் உள்ள 'எஸ்' வகை, அதாவது கல் சிறுகோள். பூமியில் விழும் சாதாரண கோண்டிரைட் விண்கற்கள் இந்த வகையிலிருந்துதான் வருகின்றனவா என்பது ரொம்ப நாள் சண்டை, ஏன்னா நிறம் சரியாகப் பொருந்தவில்லை. சூரியக் காற்றும் நுண்கற்களும் மேல்பரப்பைச் சிவக்க வைக்கின்றன என்பது ஒரு தரப்பு வாதம். ஜப்பானின் ஹயபுசா 2010-ல் இட்டோகாவா என்ற எஸ் வகைச் சிறுகோளின் துகள்களைக் கொண்டுவந்த பிறகு அந்த வாதம் ஜெயித்தது. இட்டோகாவா அரை கிலோமீட்டர்தான். ஆசியாவுக்கு இதுவரை எந்த விண்கலமும் போகவில்லை.