மெருகூட்டித் தாங்கு தட்டு

மெருகூட்டித் தாங்கு தட்டு என்பது மகிழுந்துகளின் மேற்பூச்சைப் பளபளப்பாக்கப் பயன்படும் மின் மெருகூட்டியின் சுழல்தண்டுக்கும், மெருகூட்டும் பஞ்சு வட்டுக்கும் இடையே அமையும் வட்ட வடிவத் தட்டு ஆகும். பட்டறைகளில் இது பேக்கிங் பிளேட் என்றே வழங்கப்படுகிறது. இயந்திரத்தின் நிலையான உறுப்பைப் போலத் தோன்றினாலும் இது தேய்ந்து தீரும் பொருளாகும். உரிய காலத்தில் மாற்றப்படாவிடில் சேதம் வண்டியின் பூச்சில் தெரியும்.

அமைப்பு

தட்டின் நடுவில் திருகுப்புரி கொண்ட உலோகப் பகுதியும், அதைச் சுற்றிக் கடின நெகிழியும், அதன் கீழ் நெகிழ்வான பாலியூரித்தேன் நுரையும் அமைந்துள்ளன. அடிப்பரப்பில் நைலான் கொக்கிகள் நிறைந்த படலம் ஒட்டப்பட்டிருக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் சார்ச் டி மெசுத்ரால் உருவாக்கிய வெல்குரோவின் அதே தத்துவமே இங்கும் பயன்படுகிறது. தட்டின் கொக்கிகள் பஞ்சின் பின்புறமுள்ள வளையங்களைப் பற்றிக்கொள்கின்றன.

தேய்மானம்

கொக்கிகளின் முதன்மை எதிரி வெப்பம். நேரடிச் சுழற்சி இயந்திரங்களில் தட்டு சுழல்தண்டுடன் இறுகப் பிணைந்து சுழல்கிறது. ஈரியக்க இயந்திரங்களிலோ தட்டு ஒரு சிறு வட்டப்பாதையில் அலைந்துகொண்டே தன்போக்கில் சுழல்கிறது. அளவுக்கு மீறி அழுத்தினாலோ, வளைந்த பரப்பில் சாய்த்துப் பிடித்தாலோ சுழற்சி நின்றுவிடும். அலைவு மட்டும் தொடரும். அப்போது மோட்டாரின் ஆற்றலில் பெரும்பங்கு கொக்கிகளுக்கும் வளையங்களுக்கும் இடையிலான உராய்விலும், பஞ்சின் உட்பகுதியிலும் வெப்பமாக மாறுகிறது. விளிம்பில் உண்டாகும் வெப்பம் காற்றில் கலந்துவிடும். நடுப்பகுதி வெப்பத்திற்கு அவ்வாறு வழியில்லை. ஆகவே பெரும்பாலும் நடுக் கொக்கிகளே முதலில் மென்மையுற்று மடங்குகின்றன. பல தட்டுகளிலும் பஞ்சுகளிலும் நடுவில் துளை இடப்படுவது இதன் பொருட்டே.

பஞ்சு இழைகளும் உலர்ந்த மெருகுப் பசையும் கொக்கிகளிடையே அடைந்துகொள்வது மற்றொரு காரணம். இதை நைலான் தூரிகையால் நீக்கலாம். கரைப்பான்கள் படலத்தை ஒட்டியுள்ள பசையையும் இளக்கிவிடக் கூடும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. வேலை முடிந்தபின் சூடான பஞ்சைத் தட்டிலேயே விட்டுவைப்பதும், நுரையைப் பிடித்து வெடுக்கென இழுப்பதும் ஆயுளைக் குறைக்கும் பழக்கங்கள்.

அறிகுறிகள்

பஞ்சு மையத்திலிருந்து நழுவுதல், படலத்தின் விளிம்பு உரிதல், நுரையில் பிளவு, முன்பு இல்லாத அதிர்வு ஆகியன தட்டை மாற்றவேண்டிய நிலையைக் காட்டுவன. பஞ்சு ஒருபுறம் நழுவினால் தட்டின் கடின விளிம்பு பூச்சைத் தொட நேரிடும். தொழிற்சாலையில் இடப்படும் மேல் ஒளிபுகு பூச்சு பொதுவாக 40 முதல் 50 மைக்ரோமீட்டர் அளவே தடிப்புடையது. சுழலும் விளிம்பு ஒரு நொடி பட்டாலும் அதை மீண்டும் பூசவேண்டி வரலாம். தட்டின் விலையோடு ஒப்பிட இது பெருஞ்செலவு.

மாற்றுதல்

மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே தட்டைக் கழற்றவேண்டும். நேரடிச் சுழற்சி இயந்திரங்களில் எம் 14 புரியும், அமெரிக்காவில் 5/8 அங்குலப் புரியும் பரவலாக உள்ளன. ஈரியக்க வகையில் 5/16 அங்குலப் புரியோ எம் 8 திருகோ காணப்படும். புரி பொருந்துவதாலேயே தட்டு பொருந்திவிட்டதாகக் கொள்ளலாகாது. ஈரியக்க இயந்திரத்தின் உள்ளே, தட்டும் பஞ்சும் சேர்ந்த எடையை ஈடுசெய்யும் எதிர்எடை ஒன்று உள்ளது. எடுத்துக்காட்டாக, 125 மி.மீ. தட்டுக்கென அமைந்த இயந்திரத்தில் கனமான 150 மி.மீ. தட்டை மாட்டினால் சமநிலை குலைந்து அதிர்வு கூடும். தாங்கிகளும் விரைவில் தேயும். தட்டின் அளவுக்கேற்ப எதிர்எடையை மாற்றிக்கொள்ளும் வசதி சில இயந்திரங்களில் உண்டு.

சில வகைகளில் தட்டுக்கும் சுழல்தண்டுக்கும் இடையே மெல்லிய வாஷர் ஒன்று இருக்கும். பழைய தட்டுடன் சேர்ந்து இது தொலைந்துபோவது வழக்கம். இது இல்லாவிடில் தட்டின் மேற்புறம் இயந்திர உறையில் உரசும். எனினும் சுழற்சியைக் கட்டுப்படுத்தவென்றே தட்டைத் தொடும் ரப்பர் வளையம் கொண்ட இயந்திரங்களும் உள்ளன. அவற்றில் அந்த உரசல் இயல்பானது.

பஞ்சு எப்போதும் தட்டைவிடச் சற்று அகலமாக இருத்தல் வேண்டும். தட்டின் விளிம்பில் மையால் ஒரு கோடு இட்டு வைத்தால், வேலையின்போது சுழற்சி நின்றுபோவதை உடனே கண்டுகொள்ளலாம்.