மலையகத் தோட்டங்களும் மாரடைப்பும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

மருத்துவ அறிவு எப்போது தோன்றியது என்பதோடு, அது எவ்வர்க்கத்தாரை எப்போது சென்றடைந்தது என்பதும் வரலாற்று வினாவேயாகும். நுவரெலியா, ஹற்றன் தோட்டங்களை வைத்தே நாம் இதனை நோக்குகிறோம்.

தோட்டத் தொழிலாளருக்கான மருத்துவத் தேவைச் சட்டம் 1872 இல் வந்தது. காய்ச்சலும் கொக்கிப்புழுவும் உழைப்பு நாட்களைக் குறைத்தன. ஆகவே துரைமார் அவற்றைக் கவனித்தனர். திடீரென வீழ்த்தும் இதயநோய் அக்கணக்கில் அடங்கவில்லை. 1912 இல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக், முடியுருநாடி அடைப்பை உயிருள்ள நோயாளரிடத்தே இனங்காணலாமென விளக்கினார். அதே ஆண்டில் இலங்கையில் தொழிலாளர் நோய்கள் பற்றிய சட்டம் நிறைவேறியது. தற்செயல்தான், ஆயினும் இரண்டும் ஒன்றையொன்று அறியவில்லை.

அடைப்பைக் கரைக்கும் ஸ்ரெப்டோகைனேசும் அஸ்பிரினும் இறப்பைக் குறைப்பதை 1988 இல் வெளியான பன்னாட்டு ஆய்வு நிறுவியது. ஆனால் அச்சிகிச்சையின் பயன் மணிக்கு மணி தேய்வது. லயத்திலோ நெஞ்சுவலி முதலில் வாயுவாகிறது, இஞ்சிச்சாறு கொடுக்கப்படுகிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் தோள்வலியும் களைப்பும் கூடைச்சுமையின் மேல் ஏற்றப்படுகின்றன. பெண்களிடத்தும் நீரிழிவு நோயாளரிடத்தும் மாரடைப்பு நெஞ்சுவலியின்றியும் வரலாமென்பதை நோக்க, இப்பிழை எளிதில் நேர்வதே. வியர்வையும் மூச்சிளைப்பும் கண்டபின்னரே தோட்ட லொறி தேடப்பட்டது. இதய மின்வரைவுக் கருவியோ தோட்ட மருந்தகத்திலன்றி நகர வைத்தியசாலையில் இருந்தது.

டிக்கோயாவில் புதிய வைத்தியசாலை 2017 இல் திறக்கப்பட்டது. 1990 அம்புலன்ஸ் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னரே மலையகத்திற்கு வந்தது. பாதையில்லாத லயங்களிலிருந்து அவ்வண்டி நிற்குமிடம் வரை நோயாளியைச் சுமப்பவர் அயல்வீட்டாரே.